பதினேழாம் நம்பர் அறையின் வெளிச்சம்

காலை எட்டரைக்குத் தூரிகையை எடுத்தால் மதியச் சாப்பாடு வரை கீழே வைக்க மாட்டேன். என் தொழில் ரகசியம் இவ்வளவுதான். இதை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜெஸ்லின் மேடம், சென்னையில் ஓவியம் கற்பிக்கும் நீங்கள், மாணவர்களுக்குப் போடப்போகும் புத்தகத்துக்காக, "சின்ன ஊரில் இருந்துகொண்டு முப்பது வருடம் விடாமல் எப்படி வரைந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டீர்கள். என்னை மதித்து யாராவது கேள்வி கேட்டால் நான் சுருக்கமாகப் பதில் சொன்னதே இல்லை.

முதலில் பிழைப்பு. சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஓவியனாகச் சேர்ந்தேன். நான் வரைந்த மயிலும் கொழுகொழு குழந்தையும் பட்டாசுப் பெட்டிமேல் ஏறி டெல்லி வரை போயிருக்கின்றன. தன் படைப்பை ஊரே ஆவலாகக் கிழித்து, உள்ளே இருப்பதைக் கொளுத்திக் கைதட்டும் பாக்கியம் எத்தனை ஓவியர்களுக்கு வாய்க்கும்? பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அச்சகத்திலேயே லேபிளை முடித்துவிட்டார்கள். முதலாளி ராஜபாண்டியன் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை அறைகளின் வெளிச்சுவரில் அறை எண், உள்ளே அதிகபட்சம் எத்தனை ஆள், எத்தனை கிலோ வெடிமருந்து என்று எழுதும் வேலையைக் கொடுத்தார். 'ஆட்கள் 4' என்று நாற்பது சுவர்களில் எழுதினேன். அந்த நான்கின் கால் கொஞ்சம் நீண்டு இறங்கும். அது என் பாணி. அரசாங்க அதிகாரிகள் நின்று பார்த்த என் படைப்பு அது ஒன்றுதான்.

அடுத்தது இடம். உங்கள் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். இடம் இல்லாதவன் ஓவியன் இல்லை. எங்கள் வீடு ஒற்றை அறை. பக்கத்து வீட்டு டிவி எங்கள் வீட்டுச் சுவரில்தான் அழும். அங்கே எப்படி வரைவது? முதலாளியிடம் கேட்டேன். கேட் பக்கத்தில் அட்டைப்பெட்டி போட்டு வைக்கும் அறையைக் காட்டினார். ஜன்னல் இல்லை. என் கலைக்கு அது ஒத்துவராது என்றேன்.

எண் எழுதும்போது நான் எல்லா அறைகளையும் பார்த்திருந்தேன். பதினேழாம் அறையில் மூன்று பக்கமும் கதவு. விபத்து என்றால் தப்பி ஓடுவதற்காக வைத்தது. அதனால் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. மின்சாரம் கிடையாது, செல்போன் கிடையாது, சத்தமாகப் பேசுகிறவர்கள் கிடையாது. வெளிநாட்டில் ஓவியர்கள் இப்படி ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பார்களாம். எனக்குக் கிடைத்தது. அங்கே திரி வைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் பக்கத்துப் பதினெட்டாம் அறைக்கு மாறிக்கொண்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருத்தி என் மனைவி அழகுமீனா. அவள் உட்கார்ந்திருந்த மூலையில்தான் வெளிச்சம் சரியாக விழும். படம் வைக்கும் ஸ்டாண்டை அங்கேயே வைத்தேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாரானவன். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் டர்பன்டைனை உள்ளே கொண்டுபோனதில்லை. தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும்தான். இன்ஸ்பெக்சன் என்று தகவல் வந்தால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். நான்கு பெண்களும் பதினேழுக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்துகொள்வார்கள். அதிகாரி போனதும் நான் திரும்பி வருவேன். அந்த நாட்களில் என் கலைப்பணி கொஞ்சம் தடைபடும்.

பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். அவர்களில் மூத்தவள் சுப்புத்தாய், என் காதுபடவே சொல்வாள்: "ஏட்டி மீனா, ஒன் வீட்டுக்காரரு ஒத்த ஆளுக்கு ஒரு ரூமு. நமக்கு ஒரு ரூமுக்கு எட்டாளு. நீ பத்தாப்பு படிச்சவதான, இது என்ன கணக்குன்னு சொல்லு."

"அவுக மூச்சு விடுறதுக்கே நாலு ஆளு எடம் வேணும்க்கா," என்பாள் இவள். எட்டுப் பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கலைஞனுக்கு நகைச்சுவை உணர்வு வேண்டும்.

ஒரு புரட்டாசியில் நான் வரைந்துகொண்டிருந்தது, நீங்கள் கண்காட்சியில் பார்த்துவிட்டுப் புத்தக அட்டையில் போடக் கேட்ட அதே படம்தான். திரி வைக்கும் பெண்கள். நான்கு பேர், ஆளுக்கொரு மூலையில், நடுவில் நிறைய வெற்றிடம். எட்டுப் பேரைப் போட்டுப் பார்த்தேன். நெரிசலாக இருந்தது, கண்ணை உறுத்தியது. நான்காகக் குறைத்தேன். சட்டம் கேட்டதை என் படம் ஒன்றுதான் செய்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது, சீசன் உச்சம். மதியம் அழகுமீனா தூக்குவாளியோடு வந்தாள். புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்தும் அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் இங்கன ஒரு ஓரமா உக்காந்து வேலை பாக்கட்டுமா? அங்கன ஆளுமேல ஆளு இடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். வெக்கை தாங்கல."

"மருந்துத் தூசி படத்துல ஒட்டிரும், மீனா. இன்னும் ரெண்டு நாளு. மொகம் மட்டும்தான் பாக்கி."

"யாரு மொகம்?"

"ஒன் மொகந்தான்."

"அது சரி. இருக்க மொகத்தை வெளிய போன்னுட்டு, இல்லாத மொகத்துக்கு எடம் போட்டுக் குடுக்கீக," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டேகால் மணி இருக்கும். பதினெட்டு வெடித்த சத்தத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. நான் கண்ணால் பிழைப்பவன். இரண்டு அறைகளுக்கும் நடுவே விதிப்படி இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால் பதினேழில் கூரை ஓடு கொஞ்சம் சரிந்ததோடு சரி. விதிகள் நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு நானே சாட்சி. எல்லோரும் பதினெட்டைப் பார்த்து ஓடினார்கள். நானும் வெளியே வந்தேன். கையில் படம் இருந்தது. ஈரம் காயவில்லை, புகைக்கரி படிந்தால் போய்விடும். வேப்பமரத்தில் சாய்த்து, படத்தில் படாமல் துணியைத் தொங்கவிட்டு, காற்றுக்கு விழாதபடி அடியில் இரண்டு கல் முட்டுக்கொடுத்தேன். பிறகு ஓடினேன்.

ஏழு பேர். சுப்புத்தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் தப்பினாள்.

அழகுமீனாவின் முகத்தை அவளுடைய ஆதார் அட்டையைப் பார்த்து முடித்தேன். அந்தப் போட்டோவில் அவள் நன்றாகவே இருக்க மாட்டாள். விமர்சகர்கள் அதைத்தான் 'உறைந்த மௌனம்' என்று எழுதினார்கள்.

விசாரணையில், நான்கு பேர் அறையில் எட்டுப் பேரை யார் உட்காரவைத்தது, பக்கத்து அறை என்ன ஆனது என்று கேட்டார்கள். போர்மேன் கருப்பணன், "பதினேழு ஆர்ட்டிஸ்ட்டு அண்ணாச்சிகிட்ட இருந்துச்சுய்யா. மேல இருந்து சொன்னாக, நான் மாத்துனேன்," என்றார். முதலாளி தான் எதுவும் சொல்லவில்லை என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். பதினேழு வெள்ளையடிப்பதற்காகப் பூட்டிக் கிடந்தது, நான் வெளியே சுவரில் எண் எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். மனைவியைப் பறிகொடுத்து நிற்பவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் அதிகாரி. கருப்பணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து மாதம் உள்ளே இருந்தார். இப்போது ஜாமீனில் வந்து, வாய்தாவுக்கு வாய்தா விருதுநகர் கோர்ட்டுக்கு அலைகிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். "படம் நல்லா பேரு வாங்குதாமே, அண்ணாச்சி," என்று மட்டும் கேட்டார். நன்றி சொன்னேன்.

சுப்புத்தாயிடம் அந்தப் படத்தை செல்போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. இம்புட்டு எடம் எங்களுக்கு எங்க இருந்துச்சு?" என்றாள். அவளுக்கு ஓவியத்தில் வெற்றிடத்தின் பங்கு பற்றித் தெரியாது.

பெண்கள் மாறிக்கொண்டார்கள் என்று மேலே எழுதியிருந்தேன். அது நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழைக் கேட்டபோது முதலாளி தயங்கினார். "அதுல நாலு பொம்பளைக இருக்காகளே."

"பதினெட்டுல உக்காந்துக்கிறட்டும், முதலாளி," என்றேன்.

"நாலுக்கு மேல கூடாதுன்னு நீருதானய்யா எழுதுனீரு?"

"எழுதுனவனுக்குத் தெரியாதா, முதலாளி? அது இன்ஸ்பெக்சனுக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டார். கருப்பணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பேசும்போது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். எனவே இதை நான் எழுதினால்தான் உண்டு.

கம்பெனி மறுபடியும் ஓடுகிறது. பதினேழாம் அறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது; காலை எட்டரைக்கு உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் ஆயிரம் வார்த்தைக்குள் கேட்டிருந்தீர்கள். நீளம் அதிகம் என்றால் கருப்பணன் வரும் இடங்களையும் முதலாளியிடம் நான் பேசியதையும் எடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளிச்சத்தைப் பற்றி எழுதியதை மட்டும் தொட வேண்டாம். மாணவர்களுக்குப் பயன்படும்.