நாற்பத்தொரு நாள் டயப்பர்கள்

எனக்கு டயப்பர் மாற்றுவது பிடிக்கும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவும் வேலைக்கு நான் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நிற்பேன். "அக்கா, நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்று தங்கை பூரித்துப்போவாள். அவள் பையனுக்கு அப்போது மூன்று மாதம். குறைமாதத்தில் பிறந்தவன், மளமளவென்று தேறினான். குண்டுப்பயல் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

விசாரணைக் குழு கேட்பதால் என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பாலைத் தயிராக்கும் பாக்டீரியா குடலுக்குள் போனால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பேன். அங்கே ஏற்கெனவே ஊர்ப்பட்ட கூட்டம் இருக்கும். அதில் நம்முடையதை அடையாளம் காண, ஒளிரும் மரபணு ஒன்றை அதற்குள் சேர்ப்போம். நீல விளக்கடியில் அது மட்டும் பச்சையாகத் தெரியும். கூடவே ஒரு மருந்தை எதிர்க்கும் மரபணுவும் சேரும். வளர்க்கும் தட்டில் அந்த மருந்தைக் கலந்தால் மற்றதெல்லாம் ஒழிந்து நம்முடையது மட்டும் மிஞ்சும். எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பது.

எலிகள் நன்றாகவே ஒத்துழைத்தன. ஆனால் ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் படித்த நடுவர், 'மனிதக் குடலில் எத்தனை நாள்?' என்று ஒற்றை வரி எழுதித் திருப்பிவிட்டார். மனிதர்களுக்குக் கொடுக்க நிறுவனம் அனுமதிக்காது. பெரியவர்களின் குடலோ நெரிசல் பேருந்து. கைக்குழந்தையின் குடலில் ஏறியவர்களுக்கெல்லாம் ஜன்னலோர இருக்கை.

பத்து நாள், பால் புட்டியில் நாலே சொட்டு. குண்டுப்பயல் சப்புக்கொட்டிக் குடித்தான்.

அந்தப் பச்சை காற்றுப் பட்டால்தான் துலங்கும். அதனால் டயப்பரைப் பிரித்துப் பால்கனியில் ஒரு மணி நேரம் வைப்பேன்.

"என்னக்கா, துணி மாதிரி காயப் போடுற?"

"நாத்தம் போகட்டும்டி."

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். வீடே கலகலப்பாக இருந்த நாட்கள் அவை. நானும் மனம் நிறைந்து இருந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்தேன். என் தட்டுகளில் நான் கலக்கும் அதே மருந்து.

மறுநாள் அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் பெண் போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள்.

"மேடம், பழக்க தோஷத்துல நீல விளக்குல வச்சுப் பாத்தேன். குழந்தை ரத்தத்துல வளர்ந்தது பச்சையா இருக்கு. உங்களுது மாதிரியே."

"பச்சையா இருக்கறதெல்லாம் என்னுதாம்மா? போய் வேலையப் பாரு" என்றேன். குரலில் பெருமை தெரிந்துவிடக் கூடாதே என்று கவனமாக இருந்தேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொன்னால் மருந்தை மாற்றியிருப்பார்கள், எண்ணிக்கை மடமடவென்று சரிந்திருக்கும். அது தானாக எப்போது இறங்கும் என்பதுதான் நடுவர் கேட்டது. மூன்று நாள் பொறுத்தேன். தங்கை என் மடியில் படுத்து அழுதாள், முதுகைத் தடவிக்கொடுத்தேன். நாலாம் நாள் டாக்டரே கடுமையான மருந்துக்கு மாறினார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த மருந்தால் காது இரண்டும் போய்விட்டன. ஆனால் இப்போதும் யாரைப் பார்த்தாலும் சிரிப்பான்.

போன் செய்த பெண் மனசு கேட்காமல் உங்களுக்குக் கடிதம் போட்டது பிறகுதான். அதுவரை டயப்பர் என் பொறுப்பிலேயே இருந்தது. நாற்பத்தொன்றாம் நாள் தட்டை நீல விளக்கடியில் வைத்தேன். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன்.

குழந்தைக்காக அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.