வாயில்லாமல் ஒரு வாய்ப்பாடு

சபாக்கிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“நான் யாருகிட்டயோ பேசினேன்னு அந்த ஏ.ஐ. சொல்லுதுடி.”

“பேசினியா?”

“ரூம்ல யாருமே இல்ல லா. கம்ப்யூட்டர் டெஸ்ட்ல பெருக்கல் வந்துச்சு, வாய்ப்பாடு சொன்னேன். கேமரா உதட்டைப் பார்த்துட்டு, காப்பியடிக்கிறேன்னு நிறுத்திடுச்சு.”

“லெக்சரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். மனசுக்குள்ள போடு, இன்னைக்கு மறுபடியும் எழுதுங்கறாரு. இதுலயும் போனா பேப்பரே போச்சு. தமிழ்ப்பள்ளியில மனசுக்குள்ளயா சொல்லிக் குடுத்தாங்க?”

“சரி, வாய மூடிக்கிட்டுப் போட்டுப் பாரு. பன்னெண்டு எட்டு எவ்வளவு?”

அவள் உதடுகளை விரலால் அழுத்திக்கொண்டாள். கால் மட்டும் ஆடியது. பதில் வரவில்லை.

பின்னால் நான் ‘ஓரெட்டு எட்டு’ என்று தொடங்கி, உதடு அசைய, பாதி தூரம் வந்திருந்தேன்.