விளிம்பில் மூன்று துளி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஹட்டன் மாலை வகுப்பில் ஜோர்ஜ் மாஸ்டர் என் கொப்பியைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். ஆகவே இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன், ஐயா.

என் பெயர் லியனார்ட். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பொயிலர்க்காரர் வீரய்யா அண்ணனுக்குக் கீழே வேலை. 1964 பெப்ரவரியில், பொயிலர் குழாய்களுக்குள் படிந்த சுண்ணாம்புக் கட்டியைத் திராவகம் விட்டுக் கரைக்க முடிவானது. திராவகம் சுண்ணாம்போடு இரும்பையும் தின்னும். அதைத் தடுக்க ஒரு காப்பு மருந்து கலப்பார்கள். சூடு ஏறினால் அந்த மருந்து தனியாகத் தாக்குப்பிடிக்காது. எண்ணெய்க் கிணறுகளில் திராவகம் இறக்குவதைப் பற்றி மாஸ்டரிடம் ஒரு பழைய சஞ்சிகை இருந்தது. கொஞ்சம் பார்மிக் அமிலம் சேர்த்தால் மருந்து சூட்டிலும் இரும்பைக் காக்கும் என்று அதில் படித்தேன். பார்மிக் என்பது எறும்புக் கடியில் இருக்கும் அமிலம். றப்பர் பால் உறைய வைக்கவும் உதவும். கடைக்கார இக்ராம் நானா ஒரு கலன் தருவித்துக் கொடுத்தார்.

நான் எதையும் எளிதில் நம்பாதவன், என்னையும் சேர்த்து. சூடான திராவகத்தில் ஆணிகளைத் தொங்கவிட்டு மூன்று தடவை சோதித்தேன். பார்மிக் இல்லாத போத்தலில் ஆணி ஊசியாகிப் போனது. பார்மிக் உள்ளதில் ஆணியின் தலைக் கோடுகூட அழியவில்லை. எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

பார்மிக் சேர்க்க வீரய்யா அண்ணன் சம்மதித்தார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

"எறும்பு மூத்திரத்துக்கு இம்புட்டு சக்தியாடா?" என்றார்.

அன்றிலிருந்து தொழிற்சாலையில் என் பெயர் எறும்பு. ஒருநாள் சுருட்டுப் பற்றவைக்கக் காகிதம் தேடியவர், என் நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். மூன்றாவது சோதனை எழுதிய தாள். அவருக்கு எழுத்து தெரியாது.

"இன்னொருக்கா எழுதிக்கடா எறும்பு. ஒனக்குத்தான் முத்து முத்தா வருமே."

கொழுந்து மூட்டை இறக்கிய பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தேநீர் போடச் சுடுதண்ணீர் எடுக்க வரும் சின்னப் பெண் சிசிலியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திராவகம் விட்ட நாளில் பார்மிக்கை நான்தான் அளந்து வர வேண்டும். அவர் எதையும் மோந்து பார்த்துத்தான் அறிவார். நான் வாளியில் தண்ணீர் பிடித்தேன். விளிம்பில் மட்டும் மூன்று துளி பார்மிக் தடவினேன்.

அவர் குனிந்து மோந்தார். "யப்பா, மூக்க அரிக்குது. எறும்பேதான். ஊத்துங்க தம்பி."

என்னை 'ங்க' போட்டு அவர் பேசியது அதுவே முதல்முறை. பார்மிக் கலன் பத்தடி தூரத்து அலுமாரியில்தான் இருந்தது. நான் தண்ணீரை ஊற்றினேன்.

ஏதாவது ஒரு குழாய் கசியும், எறும்பு சொன்னது சரி என்று அவர் ஒப்புக்கொள்வார், அவ்வளவுதான் என நினைத்தேன். ஆனால் அவரைப் பொறுத்தவரை பார்மிக் ஊற்றியாயிற்று. கசிந்தால் என்னைத்தானே பொய்யன் என்பார்? இதை அப்போது யோசிக்கவில்லை என்று எழுத வந்தேன். யோசித்தேன், ஐயா.

மறுவாரம் சிசிலியிடம், சுடுதண்ணீர் எடுக்கப் பொயிலர் அறைக்குப் போக வேண்டாம் என்றேன்.

"ஏன்ணே?"

"பொகை."

நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டாள். திராவகம் விட்ட பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவளுடைய வாளியை வாங்கிக்கொண்டு, கொழுந்து இறக்கும் மீனம்மா அக்கா போனார். நான் வாசலில் நின்றிருந்தேன். ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று பேசாமல் இருந்தேன்.

குழாய் வெடித்தது. வீரய்யா அண்ணன் அங்கேயே முடிந்தார். மீனம்மா அக்கா மூன்று நாள் கிடந்தார். பழைய இரும்பு என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். அதற்குப் பிறகு எறும்பு கடித்தால் நான் தட்டிவிடுவதில்லை.

என்ன நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, வெறும் சந்தேகம்தான் என்று இத்தனை மாதமும் எனக்கே சொல்லி வந்தேன். நாட்குறிப்பை இத்துடன் தருகிறேன். வெடித்த அன்று மாலை எழுதிய பக்கத்தைப் பாருங்கள்: "நான்காவது சோதனை. பார்மிக் இல்லாமல். முடிவு முன்போலவே."

ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை.