‘ஒண்ணுமில்ல’ மேடம்

– ஐயையோ! என்னங்க அது சத்தம்? சமையலறையே இடிஞ்சு விழுந்த மாதிரி!

– ஒண்ணுமில்ல.

– போச்சு! அப்பா, அந்த வார்த்தையையா சொல்லுவீங்க? அதுவும் அம்மாகிட்ட, அதுவும் இன்னிக்கு!

– வாய் தவறி வந்துடுச்சு பாப்பா. ப்ரொபசரம்மா, நீ பாட்டுக்குப் புடவையைக் கட்டு. நாலு மணிக்கு மேடை ஏறணும்ல?

– புடவை கிடக்கட்டும். ‘முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு’ன்னு கேட்டேன், ‘ஒண்ணுமில்ல’. ‘ஏன் சாப்பிடல’ன்னு கேட்டேன், ‘ஒண்ணுமில்ல’. காலையில இருந்து இது மூணாவது. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

– ஆரம்பிச்சுட்டாங்கய்யா! கட்டின புருஷனையும் ஆராய்ச்சியில சேர்த்துட்டியா?

– பின்னே? முப்பத்தோரு வருஷமா எதைப் படிச்சேன், எதைப் பாடம் நடத்தினேன்? நானூறு வீட்டுல டேப் ரிக்கார்டரை வச்சு, நோயாளி இருக்குற குடும்பத்துல யார் யார்கிட்ட எதை மறைக்கிறாங்கன்னு கேட்டவ நான். நிஜமாவே விஷயம் இல்லேன்னா ஜனங்க ‘தட்டு விழுந்துச்சு’ம்பாங்க, ‘பூனை குதிச்சுது’ம்பாங்க. பத்துல ஒன்பது பேர் ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்றது, ஏதோ இருக்கும்போதுதான்.

– அதனாலதானே காலேஜ் முழுக்க உனக்கு ‘ஒண்ணுமில்ல மேடம்’னு பேரு!

– கேலியெல்லாம் அப்புறம். முடி வெட்டிக்கப் போறேன்னு காலையில போனீங்க. தலை போன மாதிரியே திரும்பி வந்திருக்கு.

– கடையில கூட்டம்.

– மூணு மணி நேரமாவா?

– அம்மா, லேட்டாகுது. ஸ்லைடெல்லாம் நான் போட்டுப் பார்த்துட்டேன், கிளம்பலாமே...

– பேச்சை மாத்தாதே. பேச்சை மாத்துற பிள்ளைங்க, என் ரெண்டாவது புத்தகத்துல அஞ்சாவது அத்தியாயம். அப்ப உனக்கும் தெரிஞ்சிருக்கு!

– மாட்டிவிட்டியே பாப்பா!

– ஏங்க, இங்க திரும்புங்க. என் மூஞ்சியைப் பாருங்க. கழுத்துக் கட்டியில இருந்து சதை எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் வந்துடுச்சு. அதானே?

– நான் தையக்காரன். ஊர் கழுத்தையெல்லாம் அளவெடுக்கிறவன், என் சட்டைக் காலர் பட்டன் மாட்டலேன்னதும்தான் அந்தக் கட்டியையே கவனிச்சேன். எனக்கு நடிக்கத் தெரியுமா, சொல்லு?

– தெரியாதுன்னுதானே சொல்றேன்! வந்துடுச்சா, இல்லையா?

– வந்துடுச்சு.

– உக்காருங்க. பாப்பா, துறைத் தலைவருக்கு போன் போடு. நான் வரலேன்னு சொல்லு.

– அம்மா! ரிட்டையர் ஆகுறீங்க, இது உங்க கடைசி உரைம்மா! பழைய மாணவங்க எங்கெங்கேயோ இருந்து வந்து இறங்கியாச்சு!

– வந்தவங்க காபி குடிச்சுட்டுப் போகட்டும். நானூறு வீட்டுக் கதையைக் கேட்டவ, என் வீட்டுக் கதைக்குக் காதைப் பொத்திக்கணுமா? சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சேர்ந்து பார்த்துக்கலாம்.

– அட, போனைக் கீழ வை பாப்பா! சரி, உடைச்சுச் சொல்லிடுறேன். அந்தச் சத்தம் இருக்கே... கரண்டியை மைக்காப் பிடிச்சுக்கிட்டு ஒத்திகை பார்த்தேன். கையை ஆட்டினதுல பாத்திர அடுக்கு மொத்தமும் சரிஞ்சுடுச்சு.

– ஒத்திகையா? எதுக்கு?

– உன் பேச்சு முடிஞ்சதும் கேள்வி நேரம் இருக்காமே. இத்தனை வருஷத்துல உன் கூட்டத்துல நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருக்கேனா? கடைசி வரிசையில உக்காந்து தூங்கினதோட சரி. இன்னிக்கு முதல் கேள்வி என்னுதுன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். அந்தப் பதட்டத்துலதான் சோறுகூட இறங்கல.

– நான் ரிப்போர்ட்டைக் கேக்குறேன், நீங்க கேள்வி நேரம்ங்கிறீங்க!

– ரெண்டும் ஒண்ணுதாம்மா. அப்பா, இங்கேயே கேட்டுடுங்க. இல்லேன்னா அம்மா வாசல் தாண்ட மாட்டாங்க.

– ஆசை ஆசையா மனப்பாடம் பண்ணினேன். எல்லாம் வீணாப் போச்சு. கேக்கவா?

– கேட்டுத் தொலைங்க! இங்க உசுரு போகுது.

– மேடம், வணக்கம். நான் ஒரு தையக்காரன். இன்னிக்குக் காலையில டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ‘வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்க’ன்னாரு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மேடம்: நிஜமாவே ஒண்ணுமில்லேன்னா, அதை உங்களை மாதிரி ஒரு பொண்டாட்டிகிட்ட எந்த வார்த்தையில சொல்றது?