பேர் கேட்டு வந்தவர்

மணி ராத்திரி ஒன்றேகால். ஆந்திர எல்லையோர நகரி ஊரில், ரயில் கேட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகிற ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள்... மூன்றே மூன்று விளக்குக் கம்பங்கள். தொண்ணூற்றேழாம் வருஷம், தை மாதம்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைத் தாழ் போட்டாயிற்றா? சரி. இது என்னோடு வேலை பார்த்த கமலக்கண்ணனின் தாய்மாமன் வரதராஜனுக்கு நடந்தது.

வரதராஜனுக்கு வீட்டோடு சேர்ந்த கொட்டகை. ராத்திரியெல்லாம் தறி ஓடும். கரண்டு போனால்தான் அந்தத் தெருவில் வேறு எதுவும் காதில் விழும். முதலில் தடி. டக்... டக்... அப்புறம் நீளமாக ஒரு விசில். கூர்க்கா.

கரண்டு போன நேரமெல்லாம் அந்த ஆள் கொட்டகை வாசலில் வந்து குந்திப் பீடி பற்றவைப்பார். யார் கூப்பிட்டாலும் அவர் பாஷையில் "ஹஜூர்" என்றுதான் குரல் கொடுப்பார். ஊர் நேபாளத்தின் வடகோடி. மலைக்கு மேல் மலை, அதைத் தாண்டினால் திபெத். அன்று ராத்திரியும் அந்தக் கதைதான்.

"ஆடு முதுகுல பை கட்டி உப்பு கொண்டு வருவோம் சாப். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் தானியம். அப்பா, தாத்தா எல்லாம் அதே வேலை. அப்புறம் கீழே இருந்து பாக்கெட் உப்பு வந்துச்சு. நம்ம உப்பு யாருக்கும் வேணாம். ஆடு வித்துட்டு ரயில் ஏறினேன்."

"அப்ப நீ கூர்க்கா இல்லியா?"

"இல்ல சாப். நம்ம ஆளுங்க வேற. பாஷை வேற, சாமி வேற. இங்க காக்கி போட்டு விசில் ஊதினா கூர்க்கா."

"உன் பேரு இன்னா?"

அவர் சொன்னார். அந்த நொடியில் கரண்டு வந்தது. தெருத் தறிகள் மொத்தமும் ஒரேயடியாக இரைந்தன. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வரதராஜன் கேட்டுவிட்டவர் போலத் தலையாட்டினார். திருப்பிக் கேட்க ஒரு கூச்சம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்...

மறுநாள் காலையில், கேட் பக்கத்துப் புளியமரத்தடியில் அவர் செத்துக் கிடந்தார். விஷக் காய்ச்சல் என்றார்கள்.

ஏட்டு வந்து பேர் கேட்டார். பதினோரு வருஷம் அந்தத் தெருவைக் காத்த மனிதர். ஒருவருக்கும் தெரியவில்லை.

"வரதா, உன்கிட்டதான பேசிக்கினு இருப்பான்?" என்றார் பக்கத்துக் கொட்டகைக்காரர்.

வரதராஜன் தரையைப் பார்த்தார்.

பேர் இல்லாமலே ஆற்றங்கரையில் எரித்தார்கள்.

ஒன்பதாம் நாள். கரண்டு போயிற்று. தறிகள் அடங்கின. டக்... டக்...

விசில் இல்லை. தடி மட்டும். ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்து, வரதராஜன் கதவுக்கு வெளியே நின்றது. நனைந்த கம்பளி வாடை. அதோடு கருகின மயிர் வாடை...

"சாப்... நம்ம பேரு?"

அன்றிலிருந்து தினமும். பெண்டாட்டி செல்விக்குத் தடிச் சத்தம் மட்டும் கேட்டது. குரல் புருஷனுக்கு மட்டும். அவர் தூக்கத்தை விட்டார். ராத்திரி முழுக்கக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடந்தார். பகலில் தறியில் இழை அறுந்தால்கூடப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துன்றதும் இல்ல, தூங்கறதும் இல்ல. அந்த ஆளு பேர எவன்கிட்டயாச்சும் கேட்டுக்கினு வந்து சொல்லித் தொலையேன்யா!" என்றாள் செல்வி.

புத்தூர், திருப்பதி என்று அலைந்தார். காக்கி போட்டவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். கடைசியில் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டல். தட்டு கழுவிக்கொண்டிருந்த கிழவர் அதே மலைக்காரர். நகரி, உப்பு, ஆடு, காய்ச்சல் என்று சொன்னதும் ஆள் யாரென்று புரிந்து கையைத் துடைத்துக்கொண்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் எழுதி நீட்டினார்.

"வாயால சொல்லாதே. நம்ம ஊர்ல செத்தவன் பேரு கூப்பிட மாட்டோம். கூப்பிட்டா, போறவன் திரும்பிடுவான்."

"திரும்பி?"

கிழவர் குழாயைத் திறந்துவிட்டார்.

அன்று ராத்திரி. டக்... டக்... "சாப்... நம்ம பேரு?"

வரதராஜன் டிக்கெட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினார். அப்புறம் அந்தக் காகிதம் மெல்ல உள்ளே திரும்பி வந்தது. ஈரமாக. எழுத்தெல்லாம் கரைந்திருந்தது.

"நமக்குப் படிக்கத் தெரியாது, சாப்."

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதைத்தான் வரதராஜனால் தாங்க முடியவில்லை. நெற்றியைக் கதவில் வைத்து, அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற செல்விக்கும் கேட்டது.

என்ன பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். விடிந்த பிறகு கேளுங்கள், யோசிக்கிறேன்.

அதோடு தடிச் சத்தம் நின்றது. வரதராஜன் இரண்டு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். செல்வி ஏழுமலையானுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

நான்காம் நாள் ராத்திரி அவளுக்கு விழிப்புத் தட்டியது. கரண்டு இல்லை. பக்கத்தில் புருஷன் மல்லாந்து படுத்திருந்தார். மூச்சு வாங்கியது... செங்குத்தான மலை ஏறுகிறவனின் மூச்சு.

"இன்னாய்யா..."

அசைவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் சில்லென்றிருந்தது. பயத்தில் முதல்முறையாகப் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வரதராஜா..." வேறு யாரையோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல் அந்த முகம் கிடந்தது.

என்ன தோன்றியதோ, அந்த இன்னொரு பேரைச் சொன்னாள். உதட்டுக்குள்ளேதான் சொன்னாள்.

கண் திறந்தது.

"ஹஜூர்," என்றது.