அட்டையில் என் பெயர்

ஜீப் உறுமிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நான் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கோழிகள் சிதறி ஓடின. ஊனமுற்றோர் உதவிப்பணத்துக்காக வருஷம் ஒருமுறை நேரில் பார்த்துப் போகும் அதிகாரி வந்திருந்தார். நாலு பேர் வருகிற நேரத்தில் அவன் பரட்டைத் தலையோடு கிடப்பது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா.

தம்பி அசரியா புளியமரத்திலிருந்து விழுந்து கால்கள் விளங்காமல் போனபோது அவனுக்கு இருபது வயது, எனக்கு இருபத்தாறு. நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை நானே வேண்டாமென்றேன். பதினோரு வருஷம் அவனைத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன். பிச்சாட்டூரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொண்டியின் அக்கா, அவ்வளவுதான்.

எண்பத்திரண்டில் உதவிப்பண அட்டை வந்தது. பணம் அவனுக்கு, மாதாமாதம் போய் வாங்கிவரும் பாதுகாவலர் நான். ஆந்திரா சர்க்கார் அட்டை, எல்லாம் தெலுங்கு எழுத்து. எனக்குத் தமிழ் பைபிள்தான் வாசிக்க வரும். எது என் பெயர் என்று கிரேஸ் டீச்சர் விரல் வைத்துக் காட்டினார். தாலுகா ஆபீஸில் அதைப் பார்த்துத்தான் ‘ஜெயகுமாரிகாரு’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பணம் முழுதும் அவன் பாலுக்கும் மருந்துக்கும் போயிற்று. எனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் போன மாதம் அவன் காலை ஊன்றினான். தினமும் காலையில் கிணற்றடிக் கல்தளத்தில், ராட்டினக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடை பழகினான். அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையார் விளைச்சலைக் கொண்டுபோய் பீடத்தின் முன் வைப்பார்கள். எங்கள் கொடியில் ஒரு பூசணி காய்த்திருந்தது.

"ஞாயித்துக்கெழம பாருக்கா. நானே நடந்துபோயி வெப்பேன். நீ சும்மா பின்னால வந்துகினு இரு."

"உழுந்தா?"

"உழுந்தா பாஸ்டரு தூக்குவாரு. ஊரே பாக்கட்டும். அப்பறம் அந்த அட்டைய அடுப்புல போட்டுடு. உனுக்கும் விடுதல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் யோசித்தேன். நாலடி தள்ளாடி நடப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பணம் நின்றால் பட்டினி கிடக்கப்போவது அவன்தானே? சனிக்கிழமை காலையில் அவன் காலுக்குத் தேய்த்ததுபோக மிஞ்சிய விளக்கெண்ணெயைக் கல்தளத்தில் ஊற்றினேன். கொஞ்சம்தான். ஒருமுறை விழுந்தால் நடக்கிற ஆசை போய்விடும் என்று நினைத்தேன். பின்மண்டை அடிபடும் என்று நினைக்கவில்லை.

தூக்கிவந்து படுக்கவைத்தேன். டாக்டர் வந்தால் எப்படி விழுந்தான் என்று கேட்பார். நின்றான் என்று சொல்ல வேண்டிவரும். அதனால் கூப்பிடவில்லை. ஞாயிறன்று பூசணியை நானே கொண்டுபோய் வைத்து, அவனுக்குக் காய்ச்சல் என்றேன். சபையார் அவனுக்காக ஜெபித்தார்கள். வீடு திரும்பியபோது முனகல் இருந்தது. திங்கள் விடியும்போது இல்லை.

அன்றைக்குத்தான் ஜீப் வந்தது. அதிகாரி நல்ல மனுஷர். தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். அவன் கட்டைவிரலை நான்தான் மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தேன். காகிதத்தை எடுக்கும்போது அவர் கை அவன் கையில் பட்டுவிட்டது.

"செய்யி சல்லகா உந்தே?" சில்லென்றிருக்கிறதே என்கிறார்.

"இப்பத்தான் குளிப்பாட்டுனேன் சார்."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருஷத்துக்கு.

சாயங்காலம் பாஸ்டர் ஜெபிக்க வந்து அவன் நெற்றியில் கை வைத்தார். அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாமே அவனுக்காகச் செய்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்று.

"அந்த அட்டையில அவன் பேர வேணும்னா அடிச்சிடுங்க சார். என் பேரு இருக்கட்டும்."