ஓர் ஊர்க்காரனை நம்பி ஓய்ந்த வானொலி

அவைக்குத் தலைமை தாங்கி, எங்களை விட்டுப் போகவும் துணிந்து அமர்ந்திருக்கும் நம் முதலாளி அம்பிகைபாகன் ஐயா அவர்களே! பெரியோர்களே! கம்பி சுற்றிக் காய்ப்பேறிய கரங்களுக்குச் சொந்தக்காரிகளான தாய்மார்களே! இந்த வானொலிப் பட்டறையின் மேற்பார்வையாளர் பத்மாதேவியின் ஆயுத பூசை வணக்கம்!

ஒன்று கேட்கிறேன். தமிழருக்கு எதிரான போன ஆடிக் கலவரத்தில் எங்கள் பட்டறையின் ஓடு உடைந்ததா? இல்லை. கதவு எரிந்ததா? இல்லை. பிறகு ஏன் பட்டறை நின்றது?

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டப் பெண்கள் கம்பிச் சுருள் சுற்றினார்கள். கடுகண்ணாவைச் சிங்களத் தச்சர் பெட்டி செய்தார். ஜப்பான் ட்ரான்சிஸ்டர் கப்பலேறி வந்தது. கண்டியில் பொருத்தினோம், திகனவில் ஹுஸைன் நானா விற்றார். தனியொருவரால் முடியுமா இது? பல ஊர்க் கைகள் பற்றிக்கொண்டதால் அல்லவா நம் பெட்டி பாடியது!

ஆனால் ட்ரான்சிஸ்டர் முழுவதையும் கொழும்பில் ஒரே கடையில் வாங்கினோம். நானா அன்றே சொன்னார்: "ஐயா, எல்லாத்தையும் ஒரே எடத்துல எடுக்காதீங்க. அந்தக் கடைக்கு ஒண்டு வந்தா என்ன செய்ற?" நம் ஐயா சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "எங்கட ஊர்ப் பெடியன் கடை போட்டிருக்கேக்க, வேற ஆளிட்டை ஏன் போகோணும்?"

சிரியாதீர்கள்! ஊர்ப் பாசம் பிழையில்லை. ஆனால் அந்தக் கடையை எரித்தார்கள். அங்கே மூண்ட தீ இங்கே நம் அடுப்பை அணைத்துவிட்டது!

இப்போது ஐயா சொல்கிறார்: "பூட்டிப்போட்டு யாழ்ப்பாணம் போவம்." அவர் போகலாம். கம்பி சுற்றும் சிவமணி எங்கே போவாள்? நேற்று என் கையைப் பிடித்து அழுதாள்: "அக்கா, இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி கொழுந்துக் கூடைதான் தூக்கணும்."

நெஞ்சு கொதிக்கிறது ஐயா! கடையை எரித்தவன் விரும்பியது என்ன? நாம் ஒருவரையொருவர் விட்டு ஓடவேண்டும் என்பதுதானே? அவன் ஆசையை நம் கையாலேயே நிறைவேற்றுவதா?

என்ன, பின்னால் யாரோ கேட்கிறீர்கள்? "சாமான் எங்க?" நல்ல கேள்வி! இதோ, மேசையில்! நானா தம் மச்சானைப் பிடித்துச் சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்தார். இனிமேல் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வழி. இந்தியாவிலும் ஆள் பார்த்தாயிற்று. "தமிழருக்குச் செய்யாதே" என்று மிரட்டியும் தச்சர் பெட்டிகளை அனுப்பிவிட்டார். அறுத்தால் பிணைவோம்! எரித்தால் எழுவோம்! நாம் ஒருவரையொருவர் கைவிடமாட்டோம்!

நாளை விஜயதசமி. பூசையில் வைத்த, ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனைக் காலையில் எடுக்கிறோம். ஐயா, முதல் பெட்டியைப் பற்றவைக்க நீங்கள் வரவேண்டும். வராவிட்டால் சிவமணி பற்றவைப்பாள்! என்ன ஐயா? ஒலிவாங்கியில் சொல்லுங்கள்!

"வாறன் பிள்ளை. பட்டறைச் சாவியும் உன்னட்டையே இருக்கட்டும்."

கேட்டீர்களா! சிவமணி, கண்ணைத் துடை, நாளைக்கு வேலை இருக்கிறது! அஞ்சாமல் கூடியவர்களுக்கும், அஞ்சாமல் சாமான் அனுப்பியவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்!